மங்கிய மீனின் தூரத்தை அளந்த பெசல்

வெயில் தணிந்த ஓர் இரவில், முற்றத்திலே பாயை விரித்துப் படுத்துக்கொண்டு வானத்தைப் பாராதவர் நம்மில் எவருமிலர். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவன் ஒருவன், அந்த விண்மீன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்பானாயின், அருகிலிருக்கும் பெரியவர் என்ன விடை கூறுவார்? நெடுந்தூரம் என்று சொல்லி அமைவார். உலகத்துப் பேரறிஞர்களும் 1838ஆம் ஆண்டு வரையில் அதற்கு மேலாக ஒன்றும் சொல்ல வல்லவர்களாக இருக்கவில்லை. அந்த ஆண்டிலேதான் முதன்முறையாக ஒரு விண்மீனின் தூரம் ஐயத்துக்கு இடமின்றி அளந்து கூறப்பட்டது. அளந்தவர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் பெசல் என்னும் ஜேர்மானியர். பல்கலைக்கழகத்தின் வாயிலை மாணவனாக மிதித்தறியாதவர். ஒரு வணிக நிலையத்தில் கணக்கு எழுதிய பையனாக வாழ்க்கையைத் தொடங்கியவர். அவருடைய வரலாறு வாலிபர்களுக்கு ஊக்கமும், முதியோருக்கு உவகையும் தருவது. ஆதலின் அதனை இங்கே சுருக்கமாக எழுத முற்படுகின்றோம்.

கணக்குப் பிள்ளை

பெசல் 1784ஆம் ஆண்டு யூலை மாதம் 22ஆம் திகதி மின்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் அரசாங்க உத்தியோகத்தர், சம்பளம் பெரிதன்று. பிள்ளைகளோ ஒன்பது பேர். பாடசாலையில் இலத்தீன் மொழி பெசலுக்கு ஏறவில்லை. எண் ஒன்றிலேதான் மனம் சென்றது. பதினான்கு வயதளவில் படிப்பை விட்டு, 1799ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிறேமன் துறைமுகப் பட்டினத்திலுள்ள ஒரு பெரிய வணிக நிலையத்தில் ஏழாண்டு காலம் தொழில் பயில ஒப்பந்தமாகிச் சேர்ந்தார்.

பகல் முழுவதும் பேரேடும் கடிதமும். இரவிலோ அவருக்கு வேறு ஓர் உலகம் இருந்தது. கப்பலேறி வெளிநாட்டு வணிகத்துக்குப் போகவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகப் பூமிசாத்திரமும் பிறமொழிகளும் கற்றார். நடுக்கடலில் ஒரு கப்பல் தான் நிற்கும் இடத்தை அறிவது எப்படி என்று ஆராயத் தொடங்கியபோது, அதற்குச் சந்திரனும் விண்மீன்களுமே வழிகாட்டிகள் என்பதைக் கண்டார். அந்த வழி அவரை வானியலுக்கு இட்டுச் சென்றது. கணிதமும் உடன் வந்தது. ஆசிரியர் எவருமில்லை. கையில் கிடைத்த நூல்களே ஆசிரியர்.

1804ஆம் ஆண்டில், இருபது வயது நிரம்பும் காலத்தில், ஹலியின் வால்வெள்ளி 1607இல் தோன்றியபோது இங்கிலாந்தில் ஹரியற் என்பவர் குறித்துவைத்த பழைய அவதானங்களை எடுத்துக்கொண்டு, அவ் வால்வெள்ளி சென்ற பாதையைக் கணித்தார். பிறேமனில் ஒல்பேர்ஸ் என்னும் வைத்தியர் இருந்தார். பகலில் நோயாளரையும் இரவில் வானத்தையும் பார்ப்பவர். வால்வெள்ளிகளின் ஆராய்ச்சியில் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றவர். பெசல் தயங்கித் தயங்கி ஒரு நாள் அவரை வீதியிற் கண்டு, தம்முடைய கணக்கைக் காட்ட அனுமதி வேண்டினார். தாள்களைப் படித்த ஒல்பேர்ஸ் வியப்படைந்தார். அக்கட்டுரை அச்சேறுவதற்கு வழிசெய்தார். வானியலுக்குத் தாம் செய்த தொண்டுகளுள் பெசலைக் கண்டெடுத்ததே பெரிது என்று அவர் பிற்காலத்தில் கருதிவந்தார் என்பர். அறிவுடைய முதியவர் ஒருவர் ஓர் இளைஞனின் தாள்களைப் பொறுமையோடு படித்ததனால் உலகத்துக்கு விளைந்த நன்மை இது.

1806ஆம் ஆண்டில், பிறேமனுக்கு அண்மையிலுள்ள லிலியன்தால் என்னும் இடத்தில், ஷ்ரோற்றர் என்பவரின் வானாய்வு நிலையத்தில் உதவியாளர் வேலை ஒன்று வெற்றிடமாக இருந்தது. வணிக நிலையத்திலிருந்தால் வளமான சம்பளமும் உயர்வும் உண்டு. அங்கே போனாற் கிடைப்பது சொற்பம். பெசல் சொற்பத்தையே தேர்ந்தெடுத்தார்.

கோனிக்ஸ்பேர்க்கில்

நான்காண்டுகள் கழிந்தன. 1810ஆம் ஆண்டில், பிரஷ்ய அரசர் மூன்றாம் பிரீட்ரிக் வில்ஹெல்ம், கோனிக்ஸ்பேர்க் நகரிற் புதிதாக அமைக்க எண்ணிய வானாய்வு நிலையத்துக்குப் பெசலைத் தலைவராக்கினார். அவருக்கு வயது இருபத்தைந்து. பட்டம் இல்லாதவர் பேராசிரியராதல் எங்ஙனம் என்ற கேள்வி எழுந்தது. கணித மேதை கவுஸ் பரிந்துரைக்க, கொற்றிங்கன் பல்கலைக்கழகம் பரீட்சை எதுவுமின்றிக் கலாநிதிப் பட்டத்தை வழங்கியது. அந்நாளிற் பிரஷ்யா நெப்போலியனிடம் தோற்று நலிந்திருந்த தேசம். 1812இல் ருஷியாமீது படையெடுத்த நெப்போலியனின் சேனை அந்நகரின் வழியாகவே சென்றது. அந்த ஆரவாரத்துக்கிடையே நிலையத்தின் சுவர்கள் எழுந்துகொண்டிருந்தன. 1813இல் வேலை நிறைவெய்தியது. அது முதல் இறக்கும் வரையில் பெசலின் வீடும் தொழிற்களமும் அதுவே. அவர் 1812இல் யொஹானா ஹாகன் என்னும் பெண்மணியை மணந்து, இரண்டு ஆண்மக்களும் மூன்று பெண்மக்களும் பெற்று வாழ்ந்தார்.

அங்கே அவர் செய்த முதற் பெருங்காரியம் புதிய கண்டுபிடிப்பு அன்று. இங்கிலாந்தில் கிறீனிச் நிலையத்தில் பிறட்லி என்பவர் அரை நூற்றாண்டுக்கு முன் குறித்துவைத்த அவதானங்களை எடுத்து, கருவியின் வழுவையும், காற்று ஒளியை வளைப்பதால் வரும் வழுவையும், பிறவற்றையும் ஒவ்வொன்றாகக் களைந்து, 3,222 விண்மீன்களின் இடங்களைத் திருத்தமாக நிறுவினார். அந்நூல் 1818இல் வெளிவந்தது. பிறர் எழுதிய பழைய கணக்கைச் சரிபார்ப்பதிற் புகழ் ஏது என்று எண்ணுவோர் உண்டு. பழைய இடம் செம்மையாகத் தெரிந்தாலல்லவா, இன்று அந்த மீன் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று சொல்ல முடியும்? பின்னர் 1821 தொடக்கம் 1833 வரையில், மங்கிய மீன்கள் உட்பட, 75,000க்கு மேற்பட்ட விண்மீன்களின் இடங்களைத் தாமே குறித்தார். கணிதம் பயிலும் மாணவர் இன்றும் பெசற் சார்புகள் என்று கற்பவை, கோள்களின் இயக்கத்தை ஆராயும்போது அவர் வகுத்தமைத்தவையே.

தம்மையே ஐயுற்றவர்

பெசலின் சிறப்பு எதில் உள்ளது என்று எம்மைக் கேட்டால், ஒரு சிறு நிகழ்ச்சியைச் சுட்டிக்காட்டுவோம். 1796ஆம் ஆண்டில், கிறீனிச் நிலையத்தின் தலைவர் மாஸ்கெலின், கின்னபுறூக் என்னும் உதவியாளரை வேலையிலிருந்து நீக்கினார். குற்றம் யாதெனில், தொலைகாட்டியின் நடுவிலுள்ள நூலை ஒரு விண்மீன் கடக்கும் நேரத்தை அவர் குறித்தபோது, அது தலைவர் குறித்த நேரத்துக்கு 0.8 செக்கன் பிந்தியிருந்ததாம். கண் மீனைப் பார்க்க, காது மணிக்கூட்டின் ஓசையை எண்ண, இரண்டையும் மனத்தில் இணைத்துக் குறிக்கும் வேலை அது. உதவியாளர் கவனமற்றவர் என்று தலைவர் முடிவு கட்டிவிட்டார்.

இச்செய்தியைப் பல ஆண்டுகளுக்குப் பின் படித்த பெசல் வேறு விதமாகச் சிந்தித்தார். பிழை அந்த ஏழை உதவியாளரிடம் மட்டுந்தானா? தேர்ந்த அவதானிகளோடு தாமும் உட்கார்ந்து ஒரே மீன்களைப் பார்த்து ஒத்துப் பார்த்தார். ஆர்கெலாண்டர் என்னும் சிறந்த வானியலறிஞருக்கும் தமக்குமிடையே ஒரு செக்கனுக்கு மேற்பட்ட வேற்றுமை இருப்பதைக் கண்டார். இருவரும் கவனமற்றவரல்லர். மனிதருக்கு மனிதர் பார்வையும் கேள்வியும் இணையும் வேகம் வேறுபடுகிறது, அவ்வளவே. ஆகவே கருவிக்கு மட்டுமன்றிக் கருவியைக் கையாளும் மனிதனுக்கும் வழுத்திருத்தம் வேண்டும் என்று அவர் நிறுவினார். கின்னபுறூக் அதற்கு முன்பே இறந்துபோனார். வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அவர்மீது சுமத்தப்பட்ட பழி உலகத்தின்முன் நீங்கியது.

முந்நூறு ஆண்டுச் சிக்கல்

இனி, பெசலை உலகப் புகழுக்கு உரியவராக்கிய அளவைக்கு வருவோம். ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, முதலில் இடக்கண்ணையும் பின்னர் வலக்கண்ணையும் மூடிப் பாருங்கள். பின்னாலுள்ள சுவரை நோக்க விரல் இடம் மாறுவதுபோலத் தோன்றும். விரல் அண்மையிலிருந்தால் மாற்றம் அதிகம், சேய்மையிலிருந்தால் குறைவு. இதனையே இடமாறு தோற்றம் என்பர். மாற்றம் எவ்வளவு என்று தெரிந்தால் தூரத்தைக் கணித்துவிடலாம்.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று கொப்பர்னிக்கஸ் 1543இல் வெளியிட்டபோது இக்கேள்வி பிறந்தது. இன்று நாம் நிற்கும் இடத்துக்கும் ஆறு மாதத்தின் பின் நிற்கும் இடத்துக்கும் இடையே சுமார் முப்பது கோடிக் கிலோமீற்றர் இருக்கிறதே. அப்படியானால் அருகிலுள்ள விண்மீன்கள் இடம் மாறித் தோன்றவேண்டாவா? தைக்கோ பிராகே என்ற பேரவதானி பார்த்தார், மாற்றம் காணவில்லை, ஆகையாற் பூமி அசையவில்லை என்றே கொண்டார். பிறட்லியும் இதனைத் தேடியே புறப்பட்டார். 1728இல் அவருக்குக் கிடைத்ததோ, பூமி ஓடுவதனால் ஒளி வரும் திசை சற்றே சாய்ந்து தோன்றும் என்ற வேறு ஓர் உண்மை. பூமியின் ஓட்டத்துக்கு அது சான்றாயிற்று, தூரமோ அகப்படவில்லை. வேறு சிலர் கண்டோம் என்று அறிவித்தவை பின்னர் கருவிக் கோளாறுகள் என்று தெளிவாயின. எனவே புதிதாக ஒருவர் கண்டேன் என்றாலும் நம்புவாரில்லாத நிலைமை உண்டாயிற்று.

இத்தனை பேரும் தவறியதற்கு ஒரு காரணம், எந்த மீனைப் பார்ப்பது என்ற தெரிவிலே இருந்தது. ஒளி மிகுந்த மீனே அருகிலிருக்கும் என்று பெரும்பாலோர் நினைத்தனர். பெசல் அந்த வழியிற் செல்லவில்லை. அன்னம் எனப் பெயர் பெற்ற சிக்னஸ் கூட்டத்தில், 61ஆம் எண் பெற்ற மீன் ஒன்று உண்டு. வெறுங் கண்ணுக்கு அரிதிற் புலப்படும் மங்கிய மீன். உண்மையில் அது ஒன்றையொன்று சுற்றும் இரு மீன்கள். அது ஆண்டுக்கு ஐந்து விகலைக்கு மேல் வானத்தில் நகர்ந்து செல்வதை இத்தாலியரான பியாற்சி கண்டிருந்தார். தூரத்தே செல்லும் கப்பல் நிற்பதுபோலத் தோன்ற, கரையோரத்துச் சிறு தோணி விரைந்து செல்வதைக் காண்கிறோம் அல்லவா? அதுபோல, விரைந்து நகரும் மீனே அருகிலிருக்கவேண்டும் என்று பெசல் துணிந்தார். ஒளியைப் பார்த்து மதிப்பிடாமல் அசைவைப் பார்த்து மதிப்பிட்டார்.

முதன்முறை முயன்றபோது அவரும் வெற்றி பெறவில்லை. கருவி போதாது. தக்க கருவியைத் தந்தவர் பிரவுன்ஹோபர் என்னும் கண்ணாடித் தொழில் வல்லுநர். சிறு வயதிலே தாய் தந்தையரை இழந்து, கண்ணாடிப் பட்டறையில் வேலை பயின்று, தம் முயற்சியால் உயர்ந்தவர் அவர். அவர் திட்டமிட்ட கருவியின் பெரிய வில்லை, சுமார் 16 சென்ரிமீற்றர் அகலமானது, நடுவே இரண்டாக அறுக்கப்பட்டது! ஒவ்வொரு பாதியும் தனித்தனியே ஒரு முழுப் பிம்பத்தைத் தரும். ஒரு பாதியைத் திருகாணியால் நகர்த்தி, ஒரு மீனின் பிம்பம் அடுத்த மீனின் பிம்பத்தோடு பொருந்தும்படி செய்தால், திருகாணி சுழன்ற அளவே இரு மீன்களுக்குமிடையிலுள்ள கோணத்தைச் சொல்லிவிடும். பிரவுன்ஹோபர் 1826இல் முப்பத்தொன்பது வயதில் மறைந்தார். கருவி 1829இல் பெசலின் கைக்கு வந்தது.

1837ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் தொடங்கி ஓராண்டுக்கு மேலாக, வானம் தெளிந்த இரவுகளிலெல்லாம் பெசல் அந்த மங்கிய மீனை அளந்தார். அதன் அருகே தோன்றுகின்ற, ஆனால் மிகத் தூரத்திலுள்ளவையெனக் கருதத்தக்க, இரு சிறு மீன்களை அடையாளமாகக் கொண்டார். ஓர் இரவிலே பதினாறு முறை வரையில் திரும்பத் திரும்ப அளப்பார். பால்டிக் கடலோரத்துக் கடுங்குளிரில் உலோகத் திருகாணி சுருங்குவதால் வரும் வழுவையும் கணக்கிற் சேர்த்தார். ஈற்றில் எண்கள் பேசின. மீன் பூமியின் ஓட்டத்துக்கு இசைய அங்குமிங்கும் அசைந்துகொண்டிருந்தது!

சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட தூரத்தை அடியாகக் கொண்டு அவர் கண்ட கோணம் 0.3136 விகலை. பஞ்சாங்கம் பார்க்கும் பெரியோர் பாகை, கலை, விகலை என்ற அளவுகளை அறிவர். ஒரு பாகையை 3,600 கூறிட்டால் ஒரு கூறு ஒரு விகலை. அதிலும் மூன்றிலொரு பங்குக்குக் குறைவு. இரண்டரைச் சென்ரிமீற்றர் அகலமான நாணயம் ஒன்றைப் பதினாறு கிலோமீற்றருக்கு அப்பால் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு சிறிதாகத் தோன்றுமோ, அவ்வளவே இக்கோணம். இதன்படி அந்த மீன் சூரியனைப் போல 6,57,700 மடங்கு தூரத்தில் உள்ளது. ஒளி அங்கிருந்து வந்து சேரப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். இன்றைய அளவை 11.4 ஒளியாண்டு. அக்காலத்துக் கருவியோடு பத்திலொரு பங்கு வேற்றுமைக்குள் அவர் சரியாகக் கண்டார் என்பது வியக்கத்தக்கது.

இவ்விடத்தில் மற்றிருவரையும் மறத்தல் முறையன்று. டோர்ப்பாற் நகரில் ஸ்ட்ரூவ என்பவர், அபிஜித் எனப்படும் வேகா மீனுக்கு 1837இல் ஓர் அளவு வெளியிட்டார். அது இன்றைய அளவுக்கு மிக அண்மையானது. ஆயினும் 1840இல் அவரே அதனை இருமடங்காக மாற்றியமையால் நம்பிக்கை தளர்ந்தது. தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் ஹென்டர்சன் என்ற ஸ்கொத்லாந்தியர், அல்பா சென்டோரி மீனின் அளவுகளை 1832, 1833ஆம் ஆண்டுகளிலேயே எடுத்திருந்தார். அதனைக் கணித்து வெளியிட்டதோ 1839 தொடக்கத்தில். பெசல் 1838 ஒக்ரோபரில் இங்கிலாந்திலுள்ள ஜோன் ஹேர்ஷலுக்குத் தம் முடிவை அறிவித்திருந்தார். 1841இல் இங்கிலாந்தின் அரச வானியற் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

ஒளியில்லாத துணை

புகழ் வந்த வேளையிலே துயரமும் வந்தது. 1840இல் மூத்த மகன் வில்ஹெல்ம் இளமையிலேயே இறந்தான். பெசலின் உடல்நலமும் குன்றத் தொடங்கியது. எனினும் 1844இல் அவர் வெளியிட்ட ஒரு கருத்து, தூரத்தை அளந்ததற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

திருவாதிரை மீன் விளங்கும் ஓரையன் கூட்டத்துக்குத் தென்கிழக்கே, வானத்து மீன்களிலெல்லாம் ஒளி மிகுந்ததாய்ச் சிரியஸ் விளங்குகிறது. அது நேராகச் செல்லாமல் நெளிந்து நெளிந்து செல்வதைப் பெசல் பல்லாண்டுக் குறிப்புகளை ஒப்பிட்டுக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத கனமான துணை ஒன்று அதனைச் சுமார் ஐம்பதாண்டுக்கு ஒருமுறை சுற்றி இழுக்கிறது என்றார். புரோசியன் என்ற மீனுக்கும் அவ்வாறே துணையுண்டு என்றார். எண்ணற்ற மீன்கள் கண்ணுக்குத் தெரிகின்றன என்பது, தெரியாதவை இல்லை என்பதற்குச் சான்றாகாது என்பது அவருடைய வாதம்.

1846ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி, அறுபத்தொரு வயதில், நீண்ட நோயின் பின் பெசல் கோனிக்ஸ்பேர்க்கில் காலமானார். தாம் கூறிய துணைகளை அவர் காணவில்லை. 1862 சனவரி 31ஆம் திகதி, அமெரிக்காவில் அல்வன் கிளார்க் என்னும் இளைஞர் புதிய பெரிய வில்லை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, சிரியஸின் ஒளி வெள்ளத்தின் ஓரத்தில் அந்தச் சிறு புள்ளியைக் கண்டார். சிரியஸிலும் ஏறக்குறைய பதினாயிரம் மடங்கு மங்கியது; ஆயினும் சூரியனுடைய திணிவைப் பூமியளவு உருவத்தில் அடக்கிக்கொண்டிருப்பது. புரோசியனின் துணை 1896இல் வெளிப்பட்டது.

பெசல் திறந்த வழியிற் பலர் சென்றனர். சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனாகிய புரொக்சிமா, 1915இல் ஜொகனஸ்பேர்க்கில் இன்னெஸ் என்பவராற் கண்டுபிடிக்கப்பட்டது. 4.24 ஒளியாண்டுத் தூரந்தான்; ஆனால் தொலைகாட்டியின்றிக் காண முடியாது. அடுத்த ஆண்டில் பார்னாட் கண்ட மீன் ஆறு ஒளியாண்டுத் தூரத்திலுள்ளது; அதுவும் அத்தகையதே. இரண்டும் விரைவாக நகர்வதைக் கொண்டே அடையாளம் காணப்பட்டன. 2013இல் கூட, ஆறரை ஒளியாண்டுத் தூரத்தில், விண்மீனாகச் சுடர முடியாத இரட்டைப் பொருள் ஒன்று புதிதாகத் தெரியவந்தது. நம் சூரியனின் அயலவருட் பெரும்பாலோர் இவ்வாறு மங்கியவர்களே. 2013 இறுதியில் ஏவப்பட்டு 2025 வரையில் தொழிற்பட்ட காயா என்ற ஐரோப்பிய விண்கலம், நூறு கோடிக்கு மேற்பட்ட மீன்களின் இடமாறு தோற்றத்தை அளந்தது. முறை பெசல் கையாண்ட அதே முறைதான்.

இரண்டாம் உலகப்போரிலே பெசலின் வானாய்வு நிலையம் அழிந்தது. கோனிக்ஸ்பேர்க் இப்போது கலினின்கிராட் என்னும் பெயரோடு ருஷியாவிலுள்ளது. கட்டடம் போயிற்று, அளவை நிற்கிறது.

வாலிப அன்பர்களே! ஒக்ரோபர் மாதத்து முன்னிரவில், நிலவில்லாத நாளில், ஊர் விளக்குகளுக்கு அப்பாற் சென்று வடவானத்தைப் பாருங்கள். அன்னக் கூட்டத்தின் ஒளிமிக்க டெனெப் மீனுக்கு அயலில், கூர்ந்து நோக்கினால் அந்த மங்கிய மீன் புலப்படும். இன்று இருபது வயதான ஒருவன் அங்கே காணும் ஒளி, அவன் எட்டு ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தபோது அங்கிருந்து புறப்பட்டது. பளபளப்பதெல்லாம் அருகிலுள்ளது என்றும், மங்கியிருப்பதெல்லாம் அற்பமானது என்றும் எண்ணாதவரே அந்தத் தூரத்தை அளந்தார். பிறர் பிழையைப் பழியாமல், தம் பிழையை முதலில் அளந்தவரும் அவரே. நம் சங்கத்து இளைஞர் எத்தொழிலைக் கைக்கொண்டாலும், இவ்விரண்டையும் பெசலிடமிருந்து பெற்றுக்கொள்வாராயின், இதனை எழுதிய எமது முயற்சி பயன் பெற்றதாகக் கொள்வோம்.